ஹைரம் மாமாவின் உறையில் ஒரு பொட்டு

1

ஒக்லாந்தில் சரஸ்வதி பூசை வசந்த காலத்தில் வருகிறது. ஊரில் மழை தொடங்கும் நேரம் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டு, பின்னேர வெயிலில் புல்லு வெட்டிக்கொண்டிருப்போம். எந்த நாளில் பூசை என்பதில் எங்களுக்குள் ஒவ்வொரு வருடமும் ஒரு வழக்கு நடக்கும். ஒரு சாரார் இலங்கைப் பஞ்சாங்கம் என்பார்கள், மற்றவர்கள் இந்த நாட்டுச் சூரியனுக்குக் கணித்ததுதான் சரி என்பார்கள். என் மனைவி வதனி மருத்துவத் தாதி. அவளுக்கு எந்த நாள் வேலை இல்லையோ அந்த நாள்தான் எங்கள் வீட்டில் பூசை. சரஸ்வதி இதுவரை ஆட்சேபித்ததில்லை.

இந்த வருடத்துப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அன்று நடந்ததை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதற்கு முதல் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் சேர்ப்பது அமெரிக்க முத்திரைகள். முத்திரை என்று நான் சொல்வது தபால்தலையை; தபால் கந்தோரில் குத்துவதை எங்கள் பக்கம் சீல் என்போம். அதிலும் இன்றைய முத்திரைகள் அல்ல. தங்கம் தோண்டப் போனவர்கள், உள்நாட்டுப் போருக்குப் போனவர்கள், மாட்டு வண்டியில் மேற்கே போனவர்கள், அவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து வந்த கடிதங்களின் உறைகள். முத்திரை ஒட்டி, சீல் குத்தி, ஊர் ஊராக அலைந்த முழு உறை. உள்ளே கடிதம் அனேகமாக இருக்காது. அது எங்களுக்குத் தேவையும் இல்லை.

அமெரிக்கா போக நான் ஒருகாலத்தில் விசாவுக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் இதைச் சொல்லாமல் ஒருநாளும் தொலைபேசியை வைக்கமாட்டான். "உன்னை உள்ளுக்கு விடாதவன்ர குப்பையை நீ ஏனடா காசு குடுத்து வாங்கிறாய்?" என்பான்.

ஒருமுறை அமெரிக்காவிலிருந்து வந்த பொதி ஒன்றை எல்லையில் நிறுத்திவிட்டு ஒரு பெண் அதிகாரி தொலைபேசி எடுத்தார். இந்த நாட்டில் ஒரு விதை, ஒரு பூச்சி உள்ளே வந்துவிடக்கூடாது என்பதில் ஆட்கள் சரியான கவனம். உள்ளே என்ன என்று கேட்டார். பழைய உறைகள் என்றேன். உறைக்குள்ளே என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒன்றுமில்லாத உறைகளையா வரவழைக்கிறீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் விளக்கத் தொடங்கி, என் ஆங்கிலம் வழக்கம்போலக் கால் தடக்கி விழுந்து, கடைசியில் என் மகள் ஆரணி தொலைபேசியை வாங்கினாள். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. இந்த ஊர்ப் பிள்ளைகள் கதைக்கிற மாதிரி மூக்கால் இரண்டு வார்த்தை கதைத்தாள், அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது, பொதி அடுத்த கிழமை வந்து சேர்ந்தது. தொலைபேசியைத் திருப்பித் தந்தபோது அவளுக்கு என்மேல் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் இரக்கமும் இருந்ததைக் கண்டேன்.

2

இந்தப் பழக்கம் மனுரேவாவில் தொடங்கியது. கொழும்பில் கட்டிட வரைபடம் கீறிய எனக்கு வந்த புதிதில் கிடைத்தது அங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. மத்தியான இடைவேளையில் பக்கத்தில் இருந்த பழைய சாமான் கடைக்குள் போய் நிற்பேன், வாங்குவதற்கல்ல, குளிர் காய. அங்கேதான் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் சில பழைய உறைகளைக் கண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நான் செய்த முதல் வேலை, பெரிய கோப்பையில் தண்ணீர் எடுத்து உறைகளை ஊறப்போட்டதுதான். சிறுவயதில் நாங்கள் எல்லோரும் செய்தது அதுதானே. முத்திரை கழன்று மிதக்கும், எடுத்துப் பேப்பரில் காயப்போட்டு, கொப்பியில் ஒட்டுவோம். உறையைக் கசக்கி எறிவோம். அப்படியே கசக்கி எறிந்தேன்.

பிறகு முத்திரைச் சங்கம் ஒன்றில் ரஸல் பழக்கமானார். ஒனிஹங்காவில் இருக்கும் வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். நான் ஊறப்போட்ட கதையைச் சொன்னபோது பல்லைப் பிடுங்கியதுபோல ஒருமுறை முனகினார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். உறையில் இருக்கும் முத்திரைக்குத்தான் மதிப்பு, கழற்றிய முத்திரை ஊர் பேர் தெரியாத அனாதை என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

அவர் சிரித்த அந்தச் சிரிப்பை நான் என் வீட்டில் ஒருமுறை சிரித்திருக்கலாம்.

3

என்னிடம் இருப்பதில் சிறந்த உறை ஹைரம் என்பவருக்கு எழுதியது. கிழக்குக் கரையில் மேய்ன் மாநிலத்திலிருந்து தங்கம் தோண்டும் கலிபோர்னியாவுக்கு. மூவாயிரம் மைலுக்கு மேலே போகும் கடிதத்துக்குப் பத்துச் சதம். அந்தப் பச்சை முத்திரை வலது மூலையில் இருக்கிறது. கப்பலில் பனாமா வரை போய், தரை வழியாக மறுகரை கடந்து, திரும்பவும் கப்பல் ஏறிப் போன உறை. போன இடத்தில் ஹைரம் இல்லை. யாரோ விலாசத்தை வெட்டிவிட்டு வேறொரு ஊரை எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் இல்லை. அந்தக் காலத்தில் ஆள் வந்து எடுக்காத கடிதங்களுக்கு உரியவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் போடுவார்கள். 'விளம்பரப்படுத்தியது' என்று அதற்கும் ஒரு சீல் குத்தியிருக்கிறது.

ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் மேசைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று இந்த உறையைப் பார்ப்பாள். எங்கள் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத ஆம்பிளையெல்லாம் மாமாதான்.

"ஹைரம் மாமா ஏன் வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"வேலை தேடி, பிள்ளை."

"எங்களை மாதிரியா?"

நாங்களும் அப்போது மனுரேவாவில் ஒரு வாடகை வீடு, மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு வாடகை வீடு என்று மாறிக்கொண்டிருந்தோம். ஹில்ஸ்பரோவில் மோர்ட்கேஜ் கடன் எடுத்து இந்த வீட்டுக்கு வந்தது பிறகு.

"கடைசியில மாமாக்குக் கடிதம் கிடைச்சதா?"

கிடைத்தது என்றேன். பொய்யில்லை. விளம்பரம் போட்டும் ஆள் வராவிட்டால் கடிதம் தலைநகருக்குப் போகும், அங்கே அதை உடைத்துப் பார்ப்பார்கள், திருப்பி அனுப்ப வழியில்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். உறை முழுசாக எங்கள் கைக்கு வந்திருப்பதால் அந்த மனிதர் என்றோ ஒருநாள் போய் அதை வாங்கியிருக்கவேண்டும். இதைக் கேட்டதும் ஆரணி கை தட்டினாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் ஹைரம் மாமாவின் உறை.

பிறகு அவள் வளர்ந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் ஒரு சொல்லில் பதில், பிறகு அறைக் கதவு பூட்டியிருந்தது. இதை எழுதினால் இங்கே உள்ள எல்லா அப்பாக்களும் தங்கள் வீட்டுக் கதை என்பார்கள். அவள் கெட்ட பிள்ளை அல்ல. படித்தாள், வார இறுதியில் சுப்பர்மார்க்கெற்றில் வேலை செய்தாள், தாயோடு கோயிலுக்குப் போகச் சொன்னால் முகம் கோணாமல் போய்க் காரில் இருந்தாள். என் மேசைப் பக்கம் மட்டும் வரவில்லை.

4

போன வருடம் பூசைக்கு அடுத்த கிழமை முத்திரைக் கண்காட்சி இருந்தது. முதல்தடவையாக நான் ஒரு கண்ணாடிச் சட்டம் நிறைய என் உறைகளை வைக்கப் பெயர் கொடுத்திருந்தேன். உறைகள் பொருத்திய பக்கங்களையெல்லாம் பிளாஸ்ரிக்கால் மூடிவிட்டேன். நடுப்பக்கத்துக்கான ஹைரம் மாமாவின் உறையை மட்டும் கடைசியாகப் பொருத்தலாம் என்று பிளாஸ்ரிக் இல்லாமல் மேசையில் விட்டிருந்தேன்.

வதனிக்குப் பூசை நாளன்று வேலை என்பதால் பூசையை இரண்டு நாள் தள்ளிவைத்திருந்தோம். அன்று பின்னேரம் நான் வேலையால் வந்து கதவைத் திறக்கச் சாம்பிராணி மணத்தது. ஆரணி நெற்றியில் திருநீறோடு நின்றாள்.

"சர்ப்ரைஸ், அப்பா! அம்மாக்கு ஷிஃப்ட் தானே. நானே செய்தனான்."

புத்தக அலுமாரியில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் அவளுடைய லப்டொப், என் பூதக்கண்ணாடி, முத்திரை எடுக்கும் குறடு, கண்காட்சிப் பக்கங்கள். அவள் சின்ன வயதில் தாய் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குச் செய்ததுபோல ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். எல்லாவற்றுக்கும் முன்னால், நடுநாயகமாக, ஹைரம் மாமாவின் உறை. இடது மேல் மூலையில் ஈரம் காயாத ஒரு பொட்டு.

என் முகத்தில் எதைக் கண்டாளோ, அவசரமாகச் சொன்னாள்: "முத்திரையில படேல்லை அப்பா. சீல்லயும் படேல்லை. பார்த்துத்தான் வைச்சனான்."

உண்மைதான். வெற்றிடம் பார்த்து, அளவெடுத்ததுபோல அழகாக வைத்திருந்தாள். ஆனால் அந்தக் காகிதம் அவளுடைய பாட்டனுக்கும் பாட்டனைவிட மூத்தது. சந்தனத்தின் ஈரத்தோடு குங்குமம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

நான் ஏசவில்லை. ஒரு சத்தம் போடவில்லை. உறையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனேன். "ரிஷ்யூ ஒண்டு எடுத்துக்கொண்டு வா" என்றேன். கொண்டுவந்தாள். அந்த மெல்லிய கடதாசியால் ஒற்றி எடுத்தேன், சிவப்பு இன்னும் பரவியது.

"ஐ ஜஸ்ட் வோன்டட் யூ டு வின்" என்றாள்.

"பரவாயில்லை" என்றேன், உறையைப் பார்த்தபடியே.

திரும்பியபோது அவள் அங்கே இல்லை. அடுத்த நாள் குளிர்ப்பெட்டியில் ஒரு கோப்பை கடலை, மேலே ஒரு தட்டால் மூடி இருந்தது. அவளே அவித்துத் தாளித்தது. உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது. வெலிங்டனில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்பதையும் அன்று எனக்குச் சொல்லத்தான் காத்திருந்தாள் என்று வதனி சொன்னாள். அந்தச் செய்தியை அவள் தாய்க்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

"நீங்கள் நாலு ஏச்சு ஏசியிருந்தாலும் காரியமில்லை" என்றாள் வதனி. "அழுதுபோட்டு விட்டிருப்பாள். நீங்கள் அவளை ஒருக்கால் நிமிந்தும் பாக்கேல்லையாம்."

கண்காட்சியில் நடுப்பக்கத்துக்கு வேறொரு உறையை வைத்தேன். ஆறுதலுக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். மாதம் முடிய ஆரணி வெலிங்டனுக்குப் போய்விட்டாள்.

5

சில மாதங்களுக்குப் பிறகு ரஸல் வீட்டுக்கு வந்தார். நான் தயங்கித் தயங்கி உறையை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மாதிரிச் சீல் ஒன்றை நான் கண்டதே இல்லை. எந்த ஊர்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

நான் பூசையைப் பற்றி, பொட்டைப் பற்றி, ஆரணியைப் பற்றிச் சொன்னேன். அவர் உறையைக் கீழே வைக்கவில்லை. கண்காட்சிக்கு வைக்கும்போது உறையில் இருக்கும் ஒவ்வொரு அடையாளத்தையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்பது எங்கள் விதி. எங்கே பட்டது, யார் கையால் பட்டது. "அப்படியென்றால் இதையும் எழுது. உன் உறை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் இதுதானே" என்றார்.

அவர் போனபிறகு எழுத உட்கார்ந்தேன். சந்தனமும் குங்குமமும், இடது மேல் மூலை. ஹில்ஸ்பரோ, ஒக்லாந்து. சரஸ்வதி பூசை. வைத்தவர் என் மகள். ஆங்கிலத்தில் எழுதி, நானே பிழை பார்த்து, திரும்பவும் எழுதினேன். எழுத எழுத எனக்கு அந்தப் பொட்டில் ஒரு ஆசை வந்துவிட்டது. மேசைக்குப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். எங்கள் வீட்டில் யாரும் கேளாமல், சொல்லாமல், அவள் தானாகச் செய்த ஒரே பூசை அது. அது எனக்காகச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தொலைபேசி எடுப்பாள். வெலிங்டன் காற்று எப்படி, வேலை எப்படி, காரைப் பரிசோதித்து வொரண்ட் எடுத்தாயிற்றா என்று கேட்போம். பொட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வரும். இந்த வருடக் கண்காட்சியில் சட்டத்தின் நடுவில் அவளே வந்து பார்க்கட்டும், எழுதியிருப்பதை அவளே வாசிக்கட்டும் என்று ஆசைப்பட்டு விழுங்கிவிடுவேன். தொலைபேசியில் சொன்னால் ஒரு நிமிடக் கதையாகப் போய்விடும் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழித்திருக்கவேண்டும்.

குளிர்காலத்தில் ஒரு நீண்ட வார இறுதிக்கு வந்தாள். திரும்புகிற நாள் காலை என் மேசைக்கு வந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்தாள்.

"அப்பா, ஹைரம் மாமாவை எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தாறீங்களா? அங்க ஒராளுக்குக் காட்டோணும்."

நான் எழும்பி நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். தான் வைத்த பொட்டைத்தான் யாருக்கோ காட்டப்போகிறாள் என்று எண்ணினேன். இரண்டு பக்கமும் மட்டை வைத்து, நானே சுற்றி, விமானத்தில் கையிலேயே வைத்திரு என்று சொல்லிக் கொடுத்தேன். அன்று முழுக்க வதனியிடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் சிரித்தாள். ஆரணி எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

6

போன சனிக்கிழமை ஆரணி பூசைக்கென்றே வந்தாள். ஞாயிறு காலை வதனி அலுமாரியைத் துடைத்துப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஆரணி என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொல்லி, வெள்ளை மட்டைக் கோப்பு ஒன்றை என் மடியில் வைத்தாள்.

திறந்தேன். ஹைரம் மாமாவின் உறை. பச்சை முத்திரை, வெட்டிய விலாசம், விளம்பரச் சீல், எல்லாம் இருந்தன. இடது மேல் மூலையில் ஒன்றுமில்லை. உற்றுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளிறி இருந்தது.

வெலிங்டனில் பழைய காகிதங்களைத் திருத்துகிற ஒரு நிபுணரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். முதலில் முடியாது என்றாராம். விடாமல் போய்ப் போய்க் கேட்டிருக்கிறாள். தன் சம்பளத்தில், தன் மத்தியான இடைவேளைகளில். ஆங்கிலமும் தமிழுமாக மூச்சுவிடாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்த நாட்களில் அவளுக்கு இருந்த முகம்.

"லுக், அப்பா. நடந்ததே தெரியாது."

"ஓம் பிள்ளை" என்றேன். "ஒண்டுமே தெரியேல்லை."

"இந்த முறை நடுவில வைக்கலாம் என்ன?"

"வைக்கலாம்."

என்னைக் கட்டிப் பிடித்தாள். ஒரு வருடமாக அவள் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அந்தப் பிடி. என் கண் கலங்கியதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். அதிலே சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

வதனி சந்தனம் குழைத்து, குங்குமச் சிமிழையும் தட்டில் வைத்து நீட்டினாள். "இந்தா பிள்ளை, நீயே எல்லாத்துக்கும் வை."

ஆரணி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நோ, நோ. நீங்களே வையுங்கோ அம்மா. நான் எதையாவது பழுதாக்கிப் போடுவன்."

பகிடியாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் இதற்குமேலும் சொல்லாமல் இருந்தால் நான் மனிசனே இல்லை என்று தோன்றியது.

"ஆரணி" என்றேன். "எனக்கு அந்தப் பொட்டு பிடிச்சிருந்தது. அது இருந்திருக்கலாம்."

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வயதான ஆட்களோடு கதைக்கும்போது வருகிற அந்த மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்காக நீங்கள் அப்படிச் சொல்லத் தேவையில்லை என்று. என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பிறகு உறையை என் மடியிலிருந்து எடுத்து, கவனமாகக் கோப்புக்குள் வைத்து மூடி, சாம்பிராணிப் புகை படாமல் என் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.